போர் தண்ணீர், ஆர்.ஓ., பொட்டாஷ்: கதிரியக்கம் பற்றி டெல்டாக்காரர்கள் கேட்டவை

நிலத்தடி நீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அணுஉலைக் கழிவுநீர்க் கசிவு பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கும்பகோணம்: சார், காவிரிக்கு மேலே அணுமின் நிலையம் ஏதாவது இருக்கா?

இல்லை. கர்நாடகத்தின் கைகா நிலையம் காளி நதிக்கரையில் இருக்கிறது, அந்த ஆறு மேற்கே அரபிக்கடலுக்குப் போகிறது. கல்பாக்கமும் கூடங்குளமும் கடலோரம். காவிரியைப் பற்றிக் கவலைப்பட ஈரோடு, திருப்பூர் சாயக்கழிவே போதும்.

மன்னார்குடி: ஐயா, வெளிநாட்டில் நிலத்தடி நீர் கெட்டது என்கிறார்களே, எப்படி?

அமெரிக்காவின் ஹான்ஃபோர்டைச் சொல்லலாம். நாகசாகி குண்டுக்கான புளூட்டோனியம் தயாரான இடம். அங்கே 177 நிலத்தடித் தொட்டிகளில் சுமார் 21 கோடி லிட்டர் கழிவு கிடக்கிறது. பழைய தொட்டிகள் 149-க்கும் ஒற்றைச் சுவர்தான். அவற்றிலிருந்து ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் இறங்கியிருக்கும் என்பது மதிப்பீடு.

எத்தனை லிட்டர் என்பதைவிட எது கசிந்தது என்று கேளுங்கள். அணுஉலைக் கழிவில் வரும் கதிரியக்கப் பொருட்களில் சீசியம் களிமண்ணைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், அதிக தூரம் போகாது. ஸ்ட்ரான்சியம் மெதுவாக நகரும். ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான டிரிட்டியத்தை மண் பிடித்து வைக்காது, நீர் போகும் வேகத்திலேயே அதுவும் போகும்.

திருவாரூர்: அண்ணா, வீட்டு ஆர்.ஓ. தண்ணியில டிடிஎஸ் 80தான் காட்டுது. பயமில்லையே?

உப்புக்குப் பயமில்லைம்மா. அந்த மீட்டர் மின்கடத்தலை வைத்து உப்பைத்தான் கணக்குப் போடுகிறது, கதிரியக்கம் அதற்குத் தெரியாது. ஆர்.ஓ. சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பெருமளவு தடுக்கும். டிரிட்டியத்தைத் தடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. அது ஹைட்ரஜன் வகை என்பதால் தண்ணீர் மூலக்கூறிலேயே உட்கார்ந்திருக்கும். 2011-இல் விபத்துக்குள்ளான ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்திலும் இதே சிக்கல்தான். மற்றவற்றை வடிகட்டிவிட்டு, டிரிட்டியத்தை லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கீழே நீர்க்கச் செய்து 2023 ஆகஸ்ட் முதல் கடலில் விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10,000.

இன்னொன்று. பீட்டா வகைக் கதிர்வீச்சை மொத்தமாக அளக்கும் ‘மொத்த பீட்டா’ சோதனையில் மாதிரியை வற்றவைத்துத்தான் அளப்பார்கள். டிரிட்டியம் நீராவியோடு போய்விடும், அறிக்கை சுத்தமாக வரும். டிரிட்டியம் வேண்டுமென்றால் பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.

நீடாமங்கலம்: சீசியம் விழுந்த வயலில் அப்புறம் நெல்லே போட முடியாதா?

முடியும். புகுஷிமாக்காரர்கள் போட்டுக் காட்டினார்கள். பயிருக்கு சீசியமும் பொட்டாசியமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான். மண்ணில் பொட்டாசியம் குறைந்தால் வேர் சீசியத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வயலில் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாகப் போட்டார்கள். பல இடங்களில் 5 செ.மீ. மேல்மண்ணையும் சுரண்டி எடுத்தார்கள். 2012 முதல் அந்த மாகாணத்தில் விளைந்த அரிசியை மூட்டை மூட்டையாகச் சோதித்தார்கள். வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். 2015 அறுவடையிலிருந்து வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றுகூட இல்லை.

களிமண் சீசியத்தைப் பிடித்து வைப்பது நம் வயலுக்கு ஓரளவு சாதகம். வேதாரண்யம் பக்கத்து மணற்பாங்கான நிலம் சீசியத்தை அந்த அளவுக்குப் பிடித்து வைக்காது. ஆனால் சுரண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று ஜப்பானே இன்னும் திண்டாடுகிறது. நம் ஊரில் ஆற்று மணலையே காவல் காக்க முடியவில்லை!

நன்னிலம்: எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீரிலும் கதிரியக்கம் உண்டு என்பது புரளியா சார்?

புரளி இல்லை. ஆழத்துப் பாறையில் உள்ள ரேடியம் எண்ணெயோடு வரும் நீரில் கரைந்து மேலே வரும், குழாய்க்குள் படிவாகவும் சேரும். ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 வருடம். எவ்வளவு என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். வயலில் பாய்ந்தால் பெரும்பாலும் உப்புதான் பயிரை முதலில் கருக்கும். ஆகவே குளோரைடு, சோடியத்தோடு ரேடியத்தையும் கேளுங்கள்.

கசிவு நடக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே போர் தண்ணீரைச் சோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால் பின்னால் யாரிடமும் வாதாட முடியாது. பாட்டிலை ஆய்வகத்திடமே வாங்குங்கள். ரேடியத்துக்கான பாட்டிலில் அமிலம் விடுவார்கள், இல்லாவிட்டால் ரேடியம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.