'போனேன் இல்லை' என்று சொல்வோமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவர். மெயில் என்றால் யோசித்து யோசித்துத் தப்பில்லாமல் எழுதிவிடுகிறார். பையர் (ஆர்டர் கொடுப்பவர்) போனில் கூப்பிட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்டால்தான் வாய் குழறுகிறதாம். போன வாரம் அப்படிச் சொன்ன மூன்று வாக்கியங்களையும் அனுப்பியிருக்கிறார்:

"ஐ டிட் நாட் காட் த அப்ரூவல். ஐ வாஸ் கால்ட் யுவர் ஆபீஸ் எஸ்டர்டே. ஐ ஹேட் சென்ட் த சாம்பிள் ஆன் மண்டே."

"12 டென்ஸும் படித்துவிட்டேன். பேசும்போது ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. நடந்து முடிந்ததை 'நான்' என்று தொடங்கிச் சொல்ல, எத்தனை வாக்கிய அமைப்பு தெரிந்தால் போதும்?" என்று கேட்கிறார்.

நான்கைந்து போதும். அந்த 12 கட்ட அட்டவணையை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள். போனில் பேசும்போது யாருக்கும் அது கை கொடுப்பதில்லை. உங்களுக்குக் கை கொடுக்கப்போவது உங்கள் தமிழ்தான்.

முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'நான் போனேன்' என்கிறோம். இல்லை என்று சொல்லும்போது 'போகவில்லை' என்கிறோம். 'போனேன் இல்லை' என்று இன்று யாரும் பேசுவதில்லை. 'போக' என்பதில் காலம் இருக்கிறதா? கிடையாது. ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. 'ஐ வென்ட்' என்பது, இல்லை என்றானதும் 'ஐ டிட் நாட் கோ' ஆகிவிடுகிறது. இறந்த காலத்தை 'டிட்' தூக்கிக்கொண்டது, அதனால் 'கோ' வெறுமனே நிற்கிறது. 'டிட் நாட் வென்ட்' என்பது 'போனேன் இல்லை' என்பது போலத்தான். அதனால் 'டிட் நாட்' வாயில் வந்ததும், அடுத்து வரும் வினையைப் 'போக', 'வாங்க', 'பார்க்க' என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'காட்' தானாகவே 'கெட்' ஆகிவிடும். கேள்வியிலும் இதே கதைதான். 'நான் சொன்னேனா?' என்பது 'டிட் ஐ டெல் யூ?'. 'டோல்ட்' வரக் கூடாது.

இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் ஆபத்தானது. நடந்து முடிந்தது என்றாலே 'வாஸ்' போட வேண்டும் என்று பலர் மனதில் பதிந்திருக்கிறது. 'ஐ கால்ட்' என்றால் நான் கூப்பிட்டேன். 'ஐ வாஸ் கால்ட்' என்றால் என்னைக் கூப்பிட்டார்கள். பொருளே தலைகீழாகிவிடுகிறது. 'ஐ டோல்ட்' நான் சொன்னது, 'ஐ வாஸ் டோல்ட்' என்னிடம் சொல்லப்பட்டது. யார் யாருக்குச் சொன்னார்கள் என்பது ஆர்டர் விஷயத்தில் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். இப்படி 'என்னைக் கூப்பிட்டார்கள்', 'என்னிடம் சொன்னார்கள்' என்பதை விட்டுவிட்டால், 'வாஸ்' உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டே இடங்களில். ஒன்று, இருந்தேன் என்று சொல்ல: 'ஐ வாஸ் இன் த ஃபேக்டரி', 'ஐ வாஸ் டயர்ட்'. இன்னொன்று, செய்துகொண்டிருந்தேன் என்று சொல்ல: 'ஐ வாஸ் டிரைவிங் வென் யூ கால்ட்'. வேறெங்காவது 'வாஸ்' வாயில் வந்தால் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள்.

மூன்றாவது வாக்கியம் தமிழ்ப் பழக்கத்தால் வந்தது. 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்று இயல்பாகச் சொல்கிறோம், தமிழில் அது முழுமையான வாக்கியம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் 'ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே' என்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது பாதியில் நிற்கிற பேச்சு. கேட்பவர், 'சரி, அப்புறம் என்ன நடந்தது?' என்று காத்திருப்பார். அங்கே 'ஹேட்' வந்தால், அதற்குப் பிந்தி நடந்த இன்னொன்றும் பேச்சில் இருக்க வேண்டும். 'நீங்கள் கூப்பிட்டபோது நான் கிளம்பியிருந்தேன்': 'வென் யூ கால்ட், ஐ ஹேட் லெஃப்ட்'. இரண்டாவது சம்பவம் இல்லையென்றால் வெறும் 'ஐ வென்ட்', 'ஐ சென்ட்' போதும்.

'அனுப்பிட்டேன்' என்று சொல்ல மட்டும் 'ஐ ஹேவ் சென்ட் இட்'. ஆனால் நேற்று, திங்கட்கிழமை, காலை 10 மணி என்று நேரம் சொல்லிவிட்டால் 'ஹேவ்' கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வகுப்புகளில் அதிகமாகத் திணறுவது இங்கேதான். தமிழில் 'நான்' இல்லாமலே நம்மைப் பற்றி நிறையச் சொல்கிறோம். எனக்குப் பசித்தது, எனக்குப் புரியவில்லை, எனக்குக் காய்ச்சல், என்னிடம் பணம் இருந்தது, என்னால் வர முடியவில்லை. இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல 'டு மீ', 'பை மீ' என்று தேடுவதில்தான் நேரம் போகிறது. தேட வேண்டாம். அத்தனைக்கும் 'ஐ' ஒன்றுதான் தொடக்கம்: ஐ வாஸ் ஹங்ரி, ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட், ஐ ஹேட் எ ஃபீவர், ஐ ஹேட் மணி (இந்த 'ஹேட்' தனி வினை, 'இருந்தது' என்று பொருள்), ஐ குட் நாட் கம். எனக்கு, என்னிடம், என்னால் எல்லாம் 'ஐ'க்குள் அடங்கிவிடும் என்பது பிடிபட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

இன்னொரு சின்னக் குழி. 'சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவேன்' என்கிறோம். பழைய வழக்கத்தைச் சொல்லத் தமிழில் எதிர்கால வினையைப் போடுவது நம் மரபு. அதை 'ஐ வில் கோ' என்று சொன்னால், இனிமேல்தான் போகப்போகிறீர்கள் என்று ஆகிவிடும். 'ஐ யூஸ்ட் டு கோ' என்று சொல்லுங்கள்.

வினைகளை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், அதில் குறுக்கு வழி இல்லை. பீ, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் என்று ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்குகிற பத்து வினைகளுமே இறந்த காலத்தில் 'எட்' (ed) சேராதவை. தமிழிலும் படித்தேன், உண்டேன், தின்றேன், ஓடினேன் என்று த், ட், ற், இன் மாறி மாறித்தானே வருகிறது! நமக்கு அது கேட்டுக் கேட்டுப் பழகியது, இதுவும் அப்படியே பழகும். ஒரு நிம்மதி என்னவென்றால், நான், அவர், அவர்கள் என்று ஆள் மாறினாலும் 'வென்ட்' மாறாது. மாறுவது 'வாஸ், வெர்' மட்டும்தான்.

பள்ளியில் 'கோ, வென்ட், கான்' என்று ராகம் போட்டோம். அதற்குப் பதிலாக, வண்டி ஓட்டும்போதோ பாத்திரம் கழுவும்போதோ இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'ஐ வென்ட், ஐ டிட் நாட் கோ, டிட் ஐ கோ?' ஒரு நாளைக்கு ஐந்து வினை போதும். 'எட்' சேரும் வினைகளில், வான்ட், நீட் போல ட் ஒலியில் முடிபவைக்கு மட்டும் 'வான்டட்', 'நீடட்' என்று இழுக்க வேண்டும். மற்றவை 'குக்ட்', 'வாஷ்ட்', 'கால்ட்' என்று சட்டென முடியும்.

சரி, உங்கள் மூன்று வாக்கியங்கள் இனி இப்படி: "ஐ டிட் நாட் கெட் த அப்ரூவல். ஐ கால்ட் யுவர் ஆபீஸ் எஸ்டர்டே. ஐ சென்ட் த சாம்பிள் ஆன் மண்டே."

பையர் விடாமல் "சாம்பிள் வரவே இல்லையே" என்றால், தமிழில் என்ன சொல்வீர்கள்? 'அனுப்பத்தான் செய்தேன்' என்பீர்கள். ஆங்கிலத்திலும் அதே அச்சு இருக்கிறது: "ஐ டிட் செண்ட் இட்." 'அனுப்ப' என்பது செண்ட், 'செய்தேன்' என்பது டிட். 'டிட்' மேல் நன்றாக அழுத்தம் கொடுத்துச் சொல்லுங்கள், கூரியர் ரசீது நம்பரும் கையில் இருக்கட்டும்.