சாமி கண்ணைக் குத்துமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் கணவரும் ரப்பர் பால் வெட்டும் வேலைக்கு விடியுமுன்பே போய்விடுகிறோம். ஆறு வயது மகனை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது என் மாமியார்தான். அவன் எதற்கெடுத்தாலும் பொய் சொல்கிறான். "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று மாமியார் மிரட்டி மிரட்டி, இப்போது இரவு ஜெபத்துக்கு உட்காரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். எப்படித் திருத்துவது?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: சகோதரி, கண்ணைக் குத்துகிற ஒருவர் முன்னால் மனமுவந்து போய் உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்? உங்கள் மகனின் அடத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த மிரட்டலில் இன்னொரு கேடும் உண்டு. பொய் சொன்ன பிறகும் கண் நன்றாகவே இருப்பதைப் பிள்ளை ஒருநாள் கவனித்துவிடுவான். அன்றைக்குப் பாட்டியின் பேச்சோடு சேர்த்து, பாட்டி சொல்லிக்கொடுத்த கடவுளையும் சந்தேகிக்கத் தொடங்குவான். பொய் சொல்லாதே என்று கற்பிக்க நாமே கடவுளின் பெயரால் ஒரு பொய் சொல்லலாகாது.

ஆறு வயதுப் பிள்ளை பெரும்பாலும் அடிக்குப் பயந்தோ, ஆசைப்பட்ட பொருள் கைவிட்டுப் போகும் என்று பயந்தோதான் பொய் சொல்கிறான். ஆகவே, குடத்தை உடைத்தவன் அவன்தான் என்று தெரிந்துகொண்டே "யார் உடைத்தது?" என்று கேட்டு அவனைச் சோதிக்க வேண்டாம். "குடம் உடைந்திருக்கிறது, வா, சேர்ந்து பெருக்குவோம்" என்று தொடங்கினால் பொய்க்குத் தேவையே இராது. அவனாக வந்து உண்மையைச் சொன்ன நாளில் கண்டிப்பு குறைந்திருப்பதை அவன் கண்கூடாகப் பார்க்க வேண்டும். கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகத் தானே முன்வந்து சொல்கிறான். இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு நிகழ்ந்த மாற்றம் அது, மிரட்டி வாங்கியதல்ல. இந்தக் கதையைச் சொல்லி, பக்கத்துப் பையனிடமிருந்து ஒரு பென்சிலை எடுத்து வந்திருந்தால்கூட, அதை உங்கள் மகனே கொண்டுபோய்க் கொடுக்கும்படி செய்யுங்கள். நீங்கள் கூடப் போகலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியது அவன் வாய்தான். கடன்காரர் வாசலுக்கு வரும்போது "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை அனுப்பும் வழக்கம் உங்கள் வீட்டில் இருக்குமானால், முதலில் அதை நிறுத்திவிட்டுப் பிறகு சகேயுவிடம் போவது நல்லது.

ஜெப நேரத்தைப் பற்றி: விடியுமுன் எழுந்து மரம் மரமாய் நடந்த உடம்புக்கும், பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைக்கும் இரவு ஒன்பது மணிக்கு நீண்ட ஜெபம் தண்டனையாகத்தான் தோன்றும். சாப்பாட்டுக்கு முன்பே பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். ஒரு பாட்டு, ஒரு சிறு கதை, அவன் சொந்த வார்த்தையில் ஒரே ஒரு வாக்கியம் ஜெபம். ஆட்டுக்குட்டிக்காக ஜெபித்தாலும் சிரிக்காதீர்கள். உபாகமம் 6-ஆம் அதிகாரம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது. அந்தப் பேச்சுக்குப் பள்ளிக்கூட வழியும் போதும்.

மாமியாரைப் பிள்ளை முன்னால் திருத்தவே கூடாது. தம் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது அப்போஸ்தலர் பவுல் முதலில் குறிப்பிடுவது அவனுடைய பாட்டி லோவிசாளைத்தான். "அத்தை, நீங்கள்தான் அவனுக்குத் தினமும் ஒரு வேதக் கதை சொல்ல வேண்டும்" என்று அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். மிரட்டுவதற்கு வேலை குறைந்துவிடும்.

கேள்வி: என் ஏழு வயது மகள், அடுத்த வீட்டு இந்துச் சிறுமியிடம் "நீ நரகத்துக்குத்தான் போவாய்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தை அழுதுகொண்டே போனது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், திங்கள்நகர்

பதில்: இன்றைக்கே மகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவியுங்கள். அந்தப் பேச்சை அவள் எங்கே கேட்டாள் என்று பிறகு விசாரிக்கலாம். பெரியவர்களின் சாப்பாட்டு நேரப் பேச்சாகவும் இருக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதி. 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த கலவரம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கிருந்து உங்கள் ஊர் தொலைவில்லை. யாருக்கு என்ன தீர்ப்பு என்பது கடவுளின் வேலை என்றும், பிறனை நேசிப்பதுதான் நமக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை என்றும் மகளிடம் சொல்லுங்கள். நல்ல சமாரியன் கதையில் இயேசு பாராட்டியது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்நியனாக எண்ணிய ஒருவனைத்தான்.

கேள்வி: என் கணவர் விசைப்படகில் பல நாள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறார். "ஜெபமாலை சொன்னால் அப்பா கண்டிப்பாகத் திரும்பி வருவாரா?" என்று என் ஐந்து வயது மகன் கேட்கிறான். ஒக்கி புயலில் என் அண்ணன் திரும்பவில்லை. நான் என்ன சொல்வேன்?
– ஒரு வாசகி, தூத்தூர்

பதில்: சகோதரி, "கண்டிப்பாக வருவார்" என்று ஜெபத்தின் பெயரால் உறுதி கொடுக்க வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அடித்தபோது உங்கள் கரையோர வீடுகளில் ஜெபம் குறைந்திருக்கவில்லை. ஆனாலும் எத்தனையோ பேர் வரவில்லை. ஜெபித்தும் வராவிட்டால், தன் ஜெபம் போதவில்லை என்று அந்தப் பிஞ்சு மனம் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும். அது எந்தக் குழந்தைக்கும் கூடாத பாரம்.

உள்ளதைச் சிறிய வார்த்தைகளில் சொல்லுங்கள்: அப்பாவுக்குக் கடல் தெரியும், படகில் வயர்லெஸ் இருக்கிறது, கூட மாமாக்கள் இருக்கிறார்கள், அப்பா எங்கே இருந்தாலும் இயேசு அவரோடு இருக்கிறார், நாம் அவர் வரவேண்டும் என்று கேட்கிறோம். மாமா ஏன் வரவில்லை என்று கேட்டால், "எனக்குத் தெரியவில்லை, எனக்கும் அழுகை வருகிறது" என்று சொல்வது விசுவாசக் குறைவல்ல. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவும் கண்ணீர் விட்டார். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற 56-ஆம் சங்கீத வரி ஐந்து வயது நாவுக்கும் எளிதாக வரும். பயமில்லை என்று நடிக்கச் சொல்லாத வசனம் அது. அப்பா போனில் பேசும் நாளில், அவனையே அதை அவருக்குச் சொல்ல விடுங்கள்.