அச்சுப் பிழையா, பின்னால் நேர்ந்த சேதமா? சில்லறை நாணயங்கள் குறித்த கேள்வி பதில்

மும்பைத் தமிழ் வாசகர்களின் கேள்விகளுக்கு மாட்டுங்காவைச் சேர்ந்த நாணயச் சேகரிப்பாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

சயான் வாசகர்: மீன் சந்தையில் சில்லறையாக வந்த 2011 வரிசை ஐந்து ரூபாய் நாணயத்தின் ஓரம் பிறை வடிவில் குறைந்திருக்கிறது. எடையும் 6 கிராமுக்குக் குறைவாக உள்ளது. நாணயச்சாலைப் பிழைதானே?

பதில்: எடையை வைத்து முடிவுகட்ட வேண்டாம், யாரேனும் அரத்தால் ராவியிருந்தாலும் எடை குறையத்தான் செய்யும். உலோகப் பட்டையிலிருந்து, நாணயமாக அச்சடிக்க வேண்டிய வெற்று வில்லைகளை வெட்டியெடுக்கும்போது பட்டை போதிய அளவு நகராவிட்டால், முந்தைய துளையின் மேலேயே அடுத்த வெட்டும் விழுந்து, வில்லை பிறக்கும்போதே குறைபட்டுவிடுகிறது. பின்னர் விளிம்பை உயர்த்துவதற்காக அதை இருபுறமும் நெருக்கி உருட்டும்போது, குறைபட்ட இடத்தில் பிடிமானம் இல்லாததால் அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் சரியாக எழும்பாமல் மழுங்கிப்போகும். ஆகவே முதலில் எதிர்ப்புறத்தைப் பாருங்கள்; அங்கே விளிம்பு எடுப்பாக இருந்தால் ஐயப்பட இடமுண்டு. அடுத்து, வெட்டின் அருகிலுள்ள எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அவை வெட்டை நோக்கி இழுபட்டு மங்கினால், குறை அச்சடிப்பதற்கு முன்பே இருந்தது. கூர்மையாக வந்து பாதியில் அறுபட்டிருந்தால் அது பிறகு எவரோ பார்த்த வேலை. அரத்தின் இணைகோட்டுக் கீறல்களும் பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

தாராவி வாசகர்: என் இரண்டு ரூபாய் நாணயத்தின் ஒரு பக்கத்தில் எழுத்துகள் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்துள்ளன.

பதில்: அச்சடித்த நாணயம் வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் அதன் உருவம் இவ்வாறு இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். அப்போது அந்தப் பக்கத்துக்குரிய வழக்கமான மேடான வடிவம் அங்கே இருக்கவே முடியாது. உங்கள் நாணயத்தில் மேடான வடிவம் நசுங்கிக் கிடக்க, அதன் மேல் பள்ள எழுத்துகளும் தெரிந்தால், இரு நாணயங்களைச் சேர்த்துப் பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். சந்தையில் விற்கப்படும் போலிகளில் இந்த வகை ஏராளம்.

முலுண்ட் வாசகி: ஆண்டெண்ணுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லை. விடுபட்டதா?

பதில்: இல்லை. அது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதைக் காட்டும் குறி: மும்பைக்கு வைரக் குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா குறி இடுவதில்லை.

கோரேகாவ் வாசகர்: செம்பு நிறத்தில் ஒரு ரூபாய் நாணயம் கிடைத்தது. வேறு உலோகத்தில் அடித்துவிட்டார்களா?

பதில்: காந்தத்தை அருகில் கொண்டுசெல்லுங்கள். 2011 வரிசை ஒரு ரூபாய், காந்தம் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு, எடை 3.79 கிராம். காந்தமும் ஒட்டி, எடையும் அதையொட்டி இருந்தால், எஃகின் மேல் யாரோ முலாம் பூசியிருக்கிறார்கள்.

செம்பூர் வாசகி: பிழை நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாகக் கைபேசியில் அழைத்தவர், முதலில் பதிவுக் கட்டணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ வரியோ கேட்டு நடக்கும் பழைய நாணய மோசடிகள் குறித்து ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்துள்ளது. உண்மையாக வாங்குபவர் நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பார். விற்பவரிடம் பணம் கேட்கமாட்டார்.