அரபு நாடுகளின் சமகால நடனம்: கேள்வி பதில்

கேள்வி: அரபு நடனம் என்றாலே இடுப்பை அசைத்து ஆடும் ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது. சமகால நடன அமைப்பாளர்கள் அதைக் கையாள்கிறார்களா?

பதில்: சிலர் கையாள்கிறார்கள். துனிசியாவின் ரத்வான் எல் மெத்தப் 2014-இல் அமைத்த ஓர் ஆக்கத்தில் எகிப்தியத் திரைப்படங்களின் பொற்கால ஆட்டங்களை ஆண்களே ஆடினார்கள். ஆனால் பெரும்பாலோர் தேடிச் செல்வது வேறு அசைவுகளை.

கேள்வி: லெபனானின் அலி ஷஹ்ரூர் ஒப்பாரியையே மேடையேற்றுகிறார் என்று படித்தேன். அதை நடனம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: அந்த ஐயத்தைப் பார்ப்பவரிடம் எழுப்புவதே அவருடைய நோக்கம் என்று நான் கருதுகிறேன். 'லைலாவின் மரணம்' என்னும் 2015-ஆம் ஆண்டு ஆக்கத்தில் அவருடன் மேடையேறும் லைலா நடனம் பயின்றவர் அல்லர். இழவு வீடுகளில் ஒப்பாரி பாடிப் பழகியவர். அதற்கு முந்தைய 'பாத்மே'யிலும் நடனப் பயிற்சி பெறாத பெண்கள் இருவரே ஆடினர். ஷியா முஸ்லிம்களின் துக்கச் சடங்கில் மார்பில் அறைந்துகொள்ளும் வழக்கம் உண்டல்லவா? அந்த அடி ஒரே சீராக விழுந்துகொண்டே இருக்கும்போது அதுவே தாளமாகிறது. நேரம் செல்லச் செல்ல உடல் களைத்து, முதலில் சடங்காகத் தெரிந்த அசைவு அந்தப் பெண்ணுக்கே உரிய அசைவாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைத்தான் நான் நடனம் என்கிறேன். 2016-இல் பிரான்சின் அவிஞோன் விழாவில் இவ்விரண்டும் நிகழ்த்தப்பட்டன.

கேள்வி: மொராக்கோவின் பூஷ்ரா உயிஸ்கென் ஏன் பாடகிகளை ஆடவைக்கிறார்?

பதில்: அவர் தேர்ந்தெடுப்பது ஐத்தா என்னும் நாட்டுப்புறப் பாடல் மரபைச் சேர்ந்த பெண்களை. திருமண வீடுகளில் அவர்களுடைய குரல் வேண்டும். ஆனால் அவர்களோடு உறவு கொண்டாட ஊர் தயங்கும். 'மதாம் பிளாசா'வில் (2009) அப்படிப்பட்ட மூவருடன் அவரும் மெத்தைகளில் சாய்ந்து கிடந்து, புரண்டு, எழுகிறார்; பருத்த, வயதேறிய உடல்களின் கனத்தை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. 2014-இல் மராகெஷில் தொடங்கிய 'காகங்கள்' ஆக்கத்திலோ, கறுப்பு உடையும் வெள்ளைத் தலைத்துணியும் அணிந்த பெண்கள் பொதுவெளியில் நின்று, தலையை ஓயாது பின்னுக்கு வீசிக் கரைகிறார்கள்.

கேள்வி: தப்கே போன்ற கூட்டு ஆட்டங்கள் சமகால மேடையில் என்னவாகின்றன?

பதில்: சிரியாவின் மித்கால் அல்ஸ்கைர் 2016-இல் அளித்த 'இடப்பெயர்வு' நல்ல எடுத்துக்காட்டு. கைகோத்து வரிசையாக நின்று தரையை மிதித்து ஆடும் தப்கே, திருமணக் கொண்டாட்டத்துக்கு உரியது. அதே மிதி சற்றே விறைத்தால் படைவீரனின் அணிநடையாகிவிடும் என்பதை அவர் காலணிகளைக் கொண்டே காட்டிவிடுகிறார்.

கேள்வி: இவர்கள் தம் நாட்டிலேயே பயிலவும் ஆடவும் வழியுண்டா?

பதில்: சிறிது உண்டு. கெய்ரோவில் கரீமா மன்சூர் 2012-இல் சமகால நடனப் பயிற்சி மையம் தொடங்கினார். பெய்ரூட்டில் ஒமர் ராஜே 2002-இல் மகாமாத் குழுவையும், 2004-இல் பைபாட் என்னும் பன்னாட்டு நடன விழாவையும் தொடங்கினார். எனினும் 2020-க்குப் பின் அவருடைய குழு பிரான்சின் லியோன் நகரிலிருந்து இயங்குகிறது.