யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

கேள்வி: ‘லப்பர் பந்து’ போன்ற குடும்ப விளையாட்டு நகைச்சுவைப் படங்களில் எல்லாத் தரப்பினருக்கும் இடம் கிடைத்துவிட்டதா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: பாதித் தூரம் வந்திருக்கிறோம். 2024இல் வெளியான அந்தப் படம், திறமை இருந்தும் சாதியால் அணிக்கு வெளியே நிறுத்தப்படும் இளைஞனைப் பற்றிச் சிரிப்பைக் குறைக்காமலே பேசியது. கிரிக்கெட் ஆடும் பெண்ணுக்கும் அதில் இடமுண்டு. ஆனால், செவித்திறன் குறைந்தவர் ஒருவர் திரைக்கு வந்தால், பெரும்பாலும் இன்னமும் அவரே கேலிப்பொருள். நம் மதுரையின் ஜெர்லின் அனிகாவோ, செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக் போட்டியில், 2022இல் பிரேசிலில், இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்றவர். (மதுரை என்றாலே அரிவாளைத் தேடும் கேமராவுக்கு இவரெல்லாம் கண்ணில் படுவதில்லை!) அத்தகைய ஒரு பெண், கேலி செய்பவரைச் சைகையாலேயே மடக்கி அரங்கைச் சிரிக்க வைக்கும் காட்சிக்காகக் காத்திருக்கிறேன்.