ரெண்டு பில், ஒரே வரவு: அந்த 800 ரூபாய் எங்கே?

வணக்கம்ங்க. சேலம் செவ்வாய்பேட்டையில கொலுசு பாலிஷ் கூலிக்கு எடுத்துச் செய்யறீங்க. ஒரே கடைக்கு 42,000 வீதம் ரெண்டு பில். பேங்க்ல வந்தது 83,200 ஒரே வரவா. குறைஞ்ச 800-ஐ தள்ளுபடின்னு எழுதிடலாமான்னு கேட்டிருக்கீங்க.

தயவுசெஞ்சு எழுதிடாதீங்க. அது உங்க பணம். ஒரு பில்லுல கூலி 40,000, 5 சதவீத ஜிஎஸ்டி 2,000. தனிநபருக்குக் கூலியில 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் தர்றவங்களே முன்கூட்டிப் பிடிச்சு உங்க பேர்ல அரசுக்குக் கட்டற வருமான வரி) பிடிப்பாங்க, பில்லுக்கு 400. ஜிஎஸ்டியைத் தனியாக் காட்டியிருந்தா அதுமேல பிடிக்க மாட்டாங்க, அதான் 840 இல்லாம 800. கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு உறுதி பண்ணிக்கங்க. அவங்க காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் போட்டதும், உங்க பேர்ல பிடிச்ச வரியைக் காட்டற வருமான வரித் துறைப் பட்டியல்ல (26ஏஎஸ்) அந்த 800 உங்க பான் எண்ணுக்கு நேரா ஏறணும். ஏறலைன்னா விடாம கேளுங்க. வருமான வரி தாக்கல்ல, கட்ட வேண்டிய வரியில அதைக் கழிச்சுக்கலாம், மிஞ்சினா திரும்ப வரும்.

கணக்கு எழுதற டேலி மென்பொருள்ல 83,200-க்கு ஒரே ரசீதுப் பதிவு போட்டு, ரெண்டு பில்லுக்கும் 41,600 வீதம் பிரிச்சுக் காட்டுங்க. 800-க்கு டிடிஎஸ் கணக்குல தனிப் பதிவு, அதையும் ரெண்டு பில்லுக்கும் 400 வீதம். அப்பத்தான் பாக்கி நேராகும்.

வரவை மட்டும் மறுபடி விற்பனையா ஏத்திடாதீங்க. ஆரம்பத்துல நான் அப்படிச் செஞ்சு, ஒரே வேலைக்கு ரெண்டு தடவை வருமானம் காட்டி, ஆடிட்டர் மேஜையில ரெண்டு நாள் உக்காந்து பிரிச்சேன்.

இனிமே பணம் வந்த அன்னைக்கே எந்தப் பில்லுக்குன்னு வாட்ஸப்ல கேட்டு, யுடிஆர் எண்ணோட (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு பேங்க் தர்ற அடையாள எண்) பில் நகல்ல எழுதி வைங்க.