பாறையில் ஏற அனுமதி இருக்கிறது, உரிமை இருக்கிறதா?

கேள்வி: நாங்கள் லாப நோக்கமில்லாத ஒரு சிறிய பாறையேற்றக் குழு. தனியார் பட்டா நிலத்தில் உள்ள பாறை ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஏறிவருகிறோம். நில உரிமையாளர் எங்கள் மூத்த உறுப்பினரிடம் வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் மட்டுமே ஆதாரம். கயிறு மாட்டுவதற்காக எங்கள் செலவில் பாறையில் போல்ட்டுகள் அடித்திருக்கிறோம். இப்போது அவருடைய மகன்தான் நிலத்தைக் கவனிக்கிறார். "யாராவது விழுந்தால் கேஸ் என் மேல்தானே வரும்?" என்று தயங்குகிறார். குவாரிக்காரர் ஒருவர் விலை பேசுவதாகவும் கேள்வி. இத்தனை வருடம் பயன்படுத்தியதால் எங்களுக்கு உரிமை வந்துவிட்டதா?

பதில்: வரவில்லை. 20 வருடக் கணக்கை நம்பி வழக்குப் போட்டால் பணமும் போகும், அந்தக் குடும்பத்தோடு உள்ள நல்ல உறவும் போகும்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882-இன் 15-ஆவது பிரிவு. 20 ஆண்டு தடையில்லாமல் அனுபவித்தால் உரிமை உண்டாகும் என்கிறது அது. ஆனால் அந்த அனுபவம் 'இது என் உரிமை' என்ற நிலையில் நடந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டு, அவர் சரி என்று சொல்லி ஏறினீர்கள். சம்மதத்தின் பேரில் நடந்தது எத்தனை ஆண்டு நீண்டாலும் சம்மதம்தான். அதோடு, 4-ஆவது பிரிவின்படி வசதியுரிமை என்பது ஒரு நிலத்தின் பயனுக்காக இன்னொரு நிலத்தின் மேல் இருப்பது. உங்களுக்குப் பக்கத்தில் நிலமே இல்லை. நீண்டகாலம் கைவசம் வைத்திருந்ததால் நிலமே தனதாகிவிட்டது என்னும் அனுபவ பாத்தியமும் எடுபடாது, நிலம் ஒருநாளும் உங்கள் கைவசத்தில் இருந்ததில்லை.

அப்படியானால் உங்களிடம் இருப்பது என்ன? அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்லும் உரிமம் (லைசென்ஸ்). வேறொருவர் நிலத்தில் ஒரு காரியம் செய்ய அவர் தரும் இசைவு, அவ்வளவுதான். அதில் மூன்று பலவீனங்கள். பொதுவாக அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். யாருக்குத் தந்தாரோ அவரைத் தாண்டி அது போகாது (56-ஆவது பிரிவு). கண்டிப்பாகப் பார்த்தால் அனுமதி உங்கள் மூத்த உறுப்பினருக்குத்தான், குழுவுக்கு அல்ல. மூன்றாவதுதான் உங்களுக்கு இப்போது ஆபத்தானது: 59-ஆவது பிரிவின்படி, நிலத்தை வாங்குபவரை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது. கிரயம் பதிவான அன்றே உங்கள் அனுமதி செல்லாக்காசு.

போல்ட் அடித்த செலவை வைத்து வாதாட முடியாதா என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும். உரிமத்தை நம்பி, செலவு செய்து, நிரந்தரமான வேலை ஒன்றைச் செய்திருந்தால் அதை ரத்து செய்ய முடியாது என்று 60-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மை. ஆனால் பாறையில் துளையிட்டுச் செருகிய சில இரும்புத் துண்டுகளை நீதிமன்றம் அப்படிப் பார்க்கும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை தர மாட்டேன். அடித்தபோது உரிமையாளரைக் கேட்டீர்களா என்ற கேள்வியும் கூடவே வரும்.

உங்களுக்குத் தேவை பதிவு செய்த குத்தகை. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 107-ஆவது பிரிவின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்துதான் ஆக வேண்டும். அப்படிப் பதிவான குத்தகை நிலம் கைமாறினாலும் நீடிக்கும்; வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவே (109-ஆவது பிரிவு). வில்லங்கச் சான்றிலும் ஏறிவிடுவதால் குவாரிக்காரர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. முழு நிலமும் வேண்டாம். பாறை, அதன் அடிவாரம், வண்டி நிறுத்த ஒரு மூலை, இவற்றை மட்டும் அளந்து வரைபடத்தோடு எழுதுங்கள். ஆடு மாடு மேய்ப்பதும் மரங்களின் பலனும் அவர்களுக்கே என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் குத்தகை என்று தலைப்பிட்டு, கைவசத்தைத் தராமல் எழுதினால் பயனில்லை. ஆவணத்தின் பெயரைவிட அதன் சாரமே முக்கியம், தனித்த கைவசம் தரப்பட்டதா என்பது அதில் பெரிய அடையாளம் என்பதை உச்ச நீதிமன்றம் 1959-லேயே அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

அடிவாரம் வரை போகும் பாதை அடுத்தவர் நிலத்தில் இருக்கிறதா? இங்கேதான் வசதியுரிமை உங்களுக்கு உதவும். குத்தகை நிலம் கைக்கு வந்தபின் அந்த நிலத்தின் பயனுக்காகப் பாதையுரிமை பெறலாம். அதையும் எழுதிப் பதிவு செய்யுங்கள்.

பத்திரத்துக்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பாறை உண்மையிலேயே அவர்கள் பட்டாவில்தான் இருக்கிறதா என்று வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டையும் நில அளவை வரைபடமான புலப்படத்தையும் பாருங்கள். சுற்றியுள்ள நிலம் பட்டாவாகவும் பாறை மட்டும் புறம்போக்காகவும் இருக்கலாம். அப்படியானால் மகன் கையெழுத்துக்கு மதிப்பில்லை, வருவாய்த் துறையிடம்தான் போக வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை. கல்வெட்டோ பழைய குகைப் படுக்கையோ உள்ள பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் அங்கே ஒரு போல்ட்கூட அடிக்காதீர்கள், அது குற்றம். நிலம் இன்னும் தந்தை பெயரில் இருந்தால் கையெழுத்து அவருடையது. பூர்வீகச் சொத்து என்றால் பங்காளிகள் எல்லாருமே கையெழுத்திட வேண்டும்.

இரண்டு, பதிவு செய்யாத குழுவின் பெயரில் குத்தகை எடுக்க முடியாது. ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். நண்பர் ஒருவர் பெயரில் எழுதிவைக்கும் குறுக்குவழி வேண்டாம்; அவர் ஊர் மாறினாலோ மனம் மாறினாலோ மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் மகனின் பயம். அது நியாயமான பயம், அதை லேசாக எடுக்காதீர்கள். அமெரிக்காவில் பணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரைப் பாதுகாக்க மாநிலந்தோறும் சட்டம் இருக்கிறது. 1991-இல் தொடங்கிய, பாறையேற்ற இடங்களைத் திறந்துவைக்கப் பாடுபடும் ஆக்சஸ் ஃபண்ட் போன்ற அமைப்புகள் அங்கே உரிமையாளர்களிடம் பேசும்போது அந்தச் சட்டம் பெரிய துணை. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. பொதுவான கவனக்குறைவுச் சட்டம்தான். ஆபத்தைத் தெரிந்தே ஏற்றவர் நஷ்ட ஈடு கேட்க முடியாது என்ற வாதம் மகனுக்கு உண்டு. ஆனாலும் அந்த வாதத்தைச் சொல்ல அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். அவர் தவிர்க்க நினைப்பது அதைத்தான்.

ஆகவே குத்தகையிலேயே இழப்பீட்டு உறுதி ஒன்றை எழுதுங்கள்: பாறையேற்றத்தால் வரும் எந்தக் கோரிக்கையையும் வழக்குச் செலவையும் சங்கம் ஏற்கும் என்று. சங்கத்திடம் பணமில்லாவிட்டால் அது வெறும் காகிதம். எனவே பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து, உரிமையாளர் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பாறையேற்றம் விலக்கப்பட்ட நடவடிக்கைகளின் பட்டியலில் இல்லை என்று பாலிசியைப் படித்து உறுதி செய்யுங்கள்.

வருபவர்களிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆபத்தை எடுத்துச் சொன்னதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இன் மோஹரி பீவி தீர்ப்பிலிருந்து உறுதியான சட்டம். பெற்றோர் கையெழுத்திட்டாலும் குழந்தையின் உரிமை போய்விடாது. கயிறு பிடித்தவரின் கவனக்குறைவால் உயிர் போனால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் வரும் வழக்கையும் எந்தப் படிவமும் தடுக்காது. சிறுவர்களை அழைத்து வருவதற்குத் தனி விதி வையுங்கள்: பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் இல்லாமல் கயிறு கட்டக் கூடாது.

மகனிடம் போகும்போது இதையெல்லாம் கோரிக்கையாக வைக்காமல் பொறுப்பாக வையுங்கள். யார் எப்போது வருகிறார்கள் என்ற பதிவேடு, பழைய போல்ட்டுகளை ஆண்டுதோறும் சோதித்த குறிப்பு, மலைத்தேனீ கூடு கட்டும்போதும் வல்லூறு குஞ்சு பொரிக்கும்போதும் அந்தப் பக்கத்தை மூடிவைப்பது என்று நீங்கள் செய்யப்போவதை எழுதிக் கொடுங்கள். குத்தகைத் தொகையும் பேசுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். நிலத்தை விற்க நேர்ந்தால் முதலில் சங்கத்திடம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் சம்மதம் கேளுங்கள்.

குவாரிப் பேச்சு முற்றிவிட்டதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்த வாரமே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கிரயம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், புதிய உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம்; வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகு நுழைவது அத்துமீறல் புகாருக்கு இடம் கொடுக்கும். பாறையடியில் வைத்திருக்கும் கயிறுகளையும் சாமான்களையும் எடுத்துக்கொள்ள நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று வசதியுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள், அந்தக் கடிதத்திலேயே குத்தகைப் பேச்சையும் தொடங்கலாம்.